வெட்டுப்பட்ட நாலணா

புது வலைக்கு ஒரு காசு எடுத்து வரச் சொன்னார் நைனா. கடல் டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்த காசில் காண்டாமிருகம் இல்லை. ஒரு பெண் இருந்தாள்.

நாலணா என்றால் எனக்குத் தெரிந்தது காண்டாமிருகம் போட்ட எஃகுக் காசுதான். இதுவும் அதே அளவு, ஆனால் நிறம் வேறு, மங்கலாக இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். விளிம்பை ஒட்டி எழுத்து. கிராமப் பெண்கள் முன்னேற்றம் பற்றி ஏதோ. கீழே 1980. என் அம்மாவே பிறக்காத வருடம்.

"இன்னாடீ, காச அடிச்சு எடுத்துக்கினு வர்றியா?" வாசலில் இருந்து நைனா கேட்டார்.

"நைனா, இதுல பொம்பள கீறா."

"எவ இருந்தா இன்னா, குடு. தண்ணி வத்திக்கினு போவுது. அப்புறம் படக நீதான் தள்ளணும்."

அந்தக் காசை இடது கையில் மூடிக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒரு காண்டாமிருகத்தை எடுத்து வலது கையால் கொடுத்தேன். நைனா பார்க்காமலேயே மடியில் செருகிக்கொண்டு போனார்.

கடல் டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவு. புது வலையோ புதுப் படகோ முதல்முறை கடலுக்குப் போகும்போது, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஒரு நிமிடம் எஞ்சினை அடக்கி, படகின் மூக்கில் கற்பூரம் ஏற்றி, ஒரு காசைத் தண்ணீரில் போடுவார்கள். அதற்கான காசை அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் முன்னாலேயே ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது துருப்பிடித்த பிஸ்கட் டப்பா.

டப்பாவுக்குள் போகும் காசின் விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டு போடுவது வழக்கம். எஞ்சின் பெட்டியில் இருக்கும் அதே அரம்தான். கடலுக்கென்று எடுத்து வைத்ததை அவசரத்துக்கு எடுத்துக் கடையில் கொடுத்துவிட்டால் அது கடலிடம் திருடியதாகும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. வெட்டு இருந்தால் ஊர்க் கடைக்காரர் பார்த்ததுமே திருப்பித் தந்துவிடுவார். சோடா வாங்கப் போன பிள்ளைகள் பலர் இப்படி மாட்டியிருக்கிறோம்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நாலணா செல்லாது என்று வந்தது. வீடுகளில் மிச்சமிருந்த நாலணாக்கள் எல்லாம் கடல் டப்பாவுக்குள் போயின. செல்லாத காசைக் கடலுக்குக் கொடுக்கலாமா என்று அப்போது கரையில் மீன் ஏலக் கொட்டகையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. "கடலு இன்னா கடையா வச்சிக்கீது, மாத்த முடியலன்னு திருப்பிக் குடுக்க?" என்று யாரோ கேட்டதோடு அது முடிந்தது. செல்லாத காசை எந்தக் கடையிலும் கொடுக்க முடியாது. ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் வெட்டு போட்டார்கள். செல்லாத காசுக்கு எதற்கு வெட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தோன்றியது, அதுவும் ஒரு அந்நியர் கேட்ட பிறகு.

அன்று காலை நான் செய்தது இரண்டு காரியம். ஒன்று, புளி போட்டு அந்தக் காசைத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. இரண்டு, போனில் தேடினேன். பி.காம். முடித்து ஒரு வருடமாக ஏதேதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய எந்த விஷயமும் பாடப் புத்தகத்தைவிட முக்கியமாகப் படும்.

தெரிந்துகொண்டது இதுதான். ஏதாவது ஒரு நிகழ்ச்சியையோ நோக்கத்தையோ ஒட்டி அரசாங்கம் தனிப் படம் போட்டு அடிப்பது நினைவு நாணயம். நூறு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பெரிய காசுகளில் மட்டுமல்ல, நாலணாவிலும் அடித்திருக்கிறார்கள். 1980இல் கிராமப் பெண்கள். அடுத்த வருடம் உலக உணவு நாள். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டு. 1985இல் காடு வளர்ப்பு. வருடத்துக்குக் கீழே சின்னதாக வைரம் இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. சேகரிப்பவர்கள் இதையெல்லாம் தனித்தனியாகத் தேடுகிறார்கள். ஒரே படம், ஆனால் மூன்று ஊர் என்றால் அவர்களுக்கு அது மூன்று காசு.

இது வரைக்கும் சரி. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை வீடியோக்கள் இருந்தன. ஒரு காசைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே 'உங்கள் வீட்டில் இருக்கிறதா?', கீழே லட்சக்கணக்கில் ஒரு தொகை. நான் பத்து வீடியோ பார்த்தேன். நம்பினேனா என்றால், முழுசாக இல்லை. நம்பவில்லையா என்றால், அதுவும் இல்லை.

போனில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதில் காசைப் படம் எடுத்துப் போட்டேன். 'இது மாதிரி நாலணா யார் வீட்டு கடல் டப்பால இருந்தாலும் எடுத்து வைங்க. வெல கீதாம்.' நான் எழுதியது அவ்வளவுதான். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நிறைய தடவை நினைத்திருக்கிறேன்.

மதியத்துக்குள் ஏழு டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா மீன் கழுவும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "உண்டியல் எண்ற மாதிரி கீது. ஒரு பூசாரி மட்டும் கொறச்சல்," என்றாள். காண்டாமிருகங்களை ஒதுக்கி ஒதுக்கி, சாயங்காலம் என்னிடம் பதினொரு நினைவு நாணயங்கள் சேர்ந்தன. அதில் ஐந்து அத்தையின் டப்பாவில் இருந்தவை.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. மூன்று வீடு தள்ளி. மாமா படகை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டதால் அவர்கள் வீட்டுக் காசு கடலுக்குப் போகாமல் அப்படியே கிடந்தது. அத்தை கரையில் நண்டு வாங்கிப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய் விற்பவள். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே சதை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பல வருடமாக அவளுக்கு ஒரே ஆசை. சொந்தமாக ஒரு நண்டு வலை வாங்கி நைனா படகில் பங்குக்குப் போட வேண்டும். அப்போது கரையில் நின்று மற்றவர்களிடம் விலை கேட்க வேண்டியதில்லை, அவளிடம் மற்றவர்கள் கேட்பார்கள். அதற்காக ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். மழைக்கு முன்னால் வாங்குவதாக இருந்தது.

படம் போட்ட மூன்றாம் நாள் அத்தை வந்தாள். முந்தானையில் முடிந்த பணத்தை என் முன்னால் வைத்தாள்.

"மூவாயிரத்து அறுநூறு கீது. எண்ணிக்கோ. இந்த நம்பருக்கு உன் போன்ல இருந்து அனுப்பிடு."

"யாருக்கு அத்தே?"

"காசு வாங்கற கம்பெனிக்காரன். வீடியோக்குக் கீழ நம்பர் போட்டுக்கீறான். நீ போட்ட படத்த அப்படியே அவனுக்கு அனுப்பினேன். என் காசு ஒண்ணுக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரமாம். அஞ்சு கீதுன்னேன். அஞ்சையும் எடுத்துக்கறேன்றான்."

"அவன் வாங்கறதுக்கு நீ எதுக்குப் பணம் குடுக்கற?"

"பதிவு பண்ற பீஸு. அது கட்டனாத்தான் வீட்டுக்கு ஆளு அனுப்புவான். வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டணும், அப்புறம் ஏலம் மூடிடுவானாம். ரொம்ப மரியாதையாப் பேசறான்டீ. மேடம் மேடம்னு."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஐந்நூறு ஏற்கெனவே கட்டிட்டேன். நம்பர் சரிபாக்கறதுக்கு. ரீசார்ஜ் கடைப் பையன்தான் அனுப்பிக் குடுத்தான்," என்றாள்.

அந்தப் படம் நான் எடுத்தது. வெல கீதாம் என்பது நான் எழுதியது. அப்படியும் உடனே 'இது டகால்டி வேலை' என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் உள்ளுக்குள் ஒரு மூலையில், ஒருவேளை உண்மையாக இருந்தால் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். என்னிடமும் ஒன்று இருந்தது அல்லவா.

"அத்தே, நாளைக்கு ஒரு நாள் குடு. மெட்ராஸ்ல காசுக் கடை கீது. நேர்ல கேட்டுட்டு வந்துடறேன்."

"ஒரு நாள்தான். வெள்ளிக்கெழம தாண்டுச்சுன்னா நீதான் எனக்கு வல வாங்கிக் குடுக்கணும்."

மறுநாள் வியாழன். முதல் படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ். திருப்பாலைவனத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி மடியில் பையை வைத்தார்கள். பொன்னேரியில் ரயில். பதினொரு காசும் ஒரு பிளாஸ்டிக் பையில் என் கைப்பைக்குள் இருந்தன. வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாரிமுனையில் ஒரு சந்துக்குள், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் அந்தக் கடை. உள்ளே இருந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு கருப்புத் துணியை விரித்து, கொட்டச் சொன்னார்.

"கொட்றதுன்னா அப்டியே இல்லம்மா, மெதுவா. மொகத்துல வெரல் வைக்காத. ஓரத்தப் புடிச்சித் தூக்கணும்."

ஒரு காசின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். லென்ஸை வைத்தார். இறக்கினார். அடுத்ததை எடுத்தார். அதையும் இறக்கினார். நான்காவது காசில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாத்துலயும் ஒரே மாதிரி வெட்டு கீது. மெஷின்ல குடுத்தீங்களா?"

சொன்னேன். கடல், டப்பா, அரம், சோடாக் கடை எல்லாம். அவர் கடைசி வரை கேட்டார். சிரிக்கவில்லை.

"சரி, செல்லுற காசுக்கு வெட்டு, புரியுது. செல்லாத காசுக்கு எதுக்கு?"

"பழக்கம்," என்றேன்.

"நல்ல பழக்கம் போ." பளபளவென்று இருந்த 1980ஐ எடுத்தார். "இது புளியா?"

"ஆமா."

"அரத்துக்குத் தப்பிச்சிருந்தாலும் புளிக்குத் தப்பிச்சிருக்காது. வெட்டு இல்லாம, தேய்க்காம, கைபட்ட காசா இருந்தா இருவது ரூபா, முப்பது ரூபா. அடிச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்தா நூறு இருநூறு போவும். சில வருஷத்துல நட்சத்திரம் கொஞ்சம் கம்மியா வரும், அதுக்குத் தேடறவங்க ஜாஸ்தி குடுப்பாங்க. ஆனா இது எல்லாம் லட்சக்கணக்குல அடிச்ச காசும்மா. பாதி வீட்ல இன்னும் கீது. வெட்டுப்பட்டுட்டா நாங்க தொடவே மாட்டோம்."

அந்த ரெண்டு லட்சத்து நாற்பதாயிரத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது.

"வாரத்துக்கு நாலு பேர் இதக் கேட்டுக்கினு வர்றாங்க. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. வாங்கறவன் காசு குடுப்பான், கேக்க மாட்டான். நான் உங்கிட்ட இப்ப எதுனா கேட்டனா?"

ஒன்றும் வாங்காமல் ஒன்றும் விற்காமல் எழுந்தேன். கீழே இறங்கப் போனவள் திரும்பி, பெருவிரல் அளவு சின்ன லென்ஸ் ஒன்றை அவரிடம் எண்பது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். அதை நான்தான் கேட்டேன், அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் அத்தை கரையிலேயே காத்திருந்தாள். நான் படகிலிருந்து காலை எடுத்து வைப்பதற்குள், "இன்னா சொன்னான்?" என்றாள்.

சொன்னேன். இருபது, முப்பது, வெட்டு இருந்தால் அதுவும் இல்லை. அத்தை முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அட மக்கு. அவன் யாரு?"

"காசு வாங்கற கடைக்காரர்."

"வாங்கறவன் வேற எப்படிச் சொல்லுவான்? நான் டெய்லி நண்டு கொண்டு போறேன். கூடையத் தொறந்து பாக்கறதுக்கு முன்னாடியே 'எல்லாம் தண்ணி நண்டு'ன்றான். உள்ள சதையே இல்ல, ஓடுதான் கீதுன்றான். நான் கூடையத் தூக்கிக்கினு நாலடி நடந்தா, அதே நண்டு கொழுத்துப் போவுது. நீ நாலடி நடந்தியா?"

"நடந்தேன் அத்தே. ரயில் ஏறி ஊருக்கே வந்துட்டேன். கூப்பிடல."

"அவனுக்குத் தெரியும்டீ, நீ திரும்பி வருவன்னு. படிச்ச பொண்ணு, வெல பேசத் தெரியாது. வெட்டு கீதுன்னு நொட்ட சொன்னானாமே. நான் போன்ல இருக்கறவன்கிட்ட வெட்டு கீதுன்னு சொன்னேன். அவன் பரவால்ல மேடம், அதான் ஸ்பெஷலுன்னான்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. இருபது வருடமாகக் கரையில் அவள் கற்றுக்கொண்டது அது: குறைத்துச் சொல்பவனை நம்பாதே. பாரிமுனைக்காரர் குறைத்துச் சொன்னார். போன்காரன் ஏற்றிச் சொன்னான். நண்டு வியாபாரத்தில் ஏற்றிச் சொல்லி ஏமாற்றும் ஆள் கிடையாது. அதனால் அவளுக்கு அந்த வகையே தெரியாது.

அன்று பேசிப் பிரயோஜனமில்லை என்று வீட்டுக்கு வந்தேன். நைனா திண்ணையில் உட்கார்ந்து பழைய வலையில் இருந்து ஈயக் குண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வலையின் அடிப்பக்கம் தண்ணீரில் இறங்குவதற்காகக் கட்டுவது. பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரியது, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் தட்டை வட்டமாகிவிடும். அவர் தட்டித் தட்டி ஒரு ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அது தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை அத்தை பணத்தோடு வந்தபோது நான் தயாராக இருந்தேன். ஒரு ஈயக் குண்டைத் தட்டையாக்கி, அதன்மேல் அம்மாவின் பழைய ரவிக்கைப் பொத்தானை வைத்து இன்னொரு தட்டு தட்டியிருந்தேன். நடுவில் நாலு புள்ளியும் சுற்றி ஒரு வளையமும் விழுந்திருந்தது. அதைச் சேற்றில் புரட்டி எடுத்துக் கருப்புத் துணிமேல் வைத்திருந்தேன். கருப்புத் துணி பாரிமுனையில் கற்றது.

"அத்தே, பணம் அனுப்பறேன். அதுக்கு முன்னாடி இத ஒரு படம் எடுத்து உன் போன்ல இருந்து அவனுக்கு அனுப்பு. இன்னா வெலன்னு கேளு."

"இது நம்ம ஈயம்."

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

"நண்டத் தூக்கிப் பாத்துதானே வாங்குவ? அவனையும் ஒரு தபா தூக்கிப் பாரேன்."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படத்தை அனுப்பினாள். நைனா வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை, பதில் குரலாகவே வந்தது. அத்தை போனைத் தரையில் வைத்து அழுத்தினாள்.

"மேடம், ரொம்ப அபூர்வமான காசு மேடம். இது ராஜா காலத்துக் காசு. நாலு புள்ளி போட்டது இந்தியாவுலயே மூணுதான் இருக்கு. உங்களுக்கு ஏழு லட்சம் வரைக்கும் வாங்கித் தரலாம். இதுக்கும் சேத்துப் பதிவு பண்ணிட்டீங்கன்னா மொத்தம் ஆறாயிரத்து இருநூறு மேடம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள."

நைனாதான் முதலில் வாயைத் திறந்தார். கழற்றிப் போட்டிருந்த ஈயக் குவியலைக் காட்டி, "அப்ப இங்க எப்படியும் நாலு கோடி கீது," என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான்தான். ஏழு லட்சம்னு சொன்னீங்களே. ஆமா, ராஜா காலத்துதான், எங்க அண்ணன் வலைல இருந்துச்சு. ஒண்ணு பண்ணுங்க. அந்த ஏழு லட்சத்துல உங்க பீஸக் கழிச்சிக்கினு மீதிய அனுப்பிடுங்க. நான் கட்டுன ஐந்நூறையும் நீங்களே வச்சிக்கோங்க, எனக்கு வேணாம்."

அவன் என்னவோ விளக்கிச் சொன்னான். அத்தை ஊம் போட்டுக்கொண்டே கேட்டாள். "முடியாதா? அப்ப ஆறு லட்சம் குடுங்க. அஞ்சு? தம்பி, நாலடி நடக்கறேன், கூப்பிடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் நம்பரையே பிளாக் செய்துவிட்டிருந்தான்.

பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அத்தை எழுந்தாள். "ஐந்நூறு போச்சு. அர நாள் நண்டு," என்றாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றே குழுவில் எழுதினேன். போன தடவை மாதிரி இரண்டு வரி இல்லை, நீளமாக. அந்தக் குரல் பதிவையும் ஈயத்தின் படத்தையும் சேர்த்துப் போட்டேன். எதிர்வரிசை அக்கா ஒருத்தி தனியாகக் கூப்பிட்டு, தானும் ஐந்நூறு கட்டியதாகவும் வெளியே சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். இன்னும் சொல்லாதவர்கள் எத்தனை பேரோ.

காசுகளை அவரவர் டப்பாவில் திருப்பிப் போட்டேன். எதற்காக எடுத்து வைத்தார்களோ அதற்குத்தான் அவை இனிமேல் ஆகும், முகத்துவாரத்துக்கு. நான் கைமாற்றி எடுத்த 1980ஐப் பற்றி நைனாவிடம் சொன்னபோது, "அதான் அதுக்குப் பதிலா காண்டாமிருகம் போட்டாச்சே. கடலுக்கு நாலணா வந்துச்சா வல்லியா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அதை நான் வைத்திருக்கிறேன். லென்ஸில் பார்த்தால் அரத்தின் பற்கள் விழுந்த கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. ஏழு கோடு.

ஆனால் இதை இப்படியே விட எனக்கு மனசில்லை. ஒரு அட்டையில் நாலு வருடத்து நாலணாவையும், வெட்டு இல்லாமல் நல்லதாக, வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றின் கீழேயும் உண்மையான விலையைப் பெரிதாக எழுதி ஏலக் கொட்டகையில் மாட்டிவிட வேண்டும். 'இருபது ரூபாய்' என்று கண்ணால் பார்த்தால் அடுத்த தடவை எவனும் ரெண்டு லட்சம் என்று சொல்லி ஐந்நூறு பிடுங்க முடியாது. குழுவில் எழுதுவதைப் பாதிப் பேர் படிப்பதில்லை. ஏலக் கொட்டகைக்கு எல்லோரும் வருவார்கள்.

அதற்கு வெட்டில்லாத காசு வேண்டுமே. எங்கள் ஊரில் அரத்துக்குத் தப்பிய நாலணா ஒன்றுகூட இல்லை. நைனாவிடம் இனிமேலாவது வெட்ட வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"வெட்டலன்னா அது கடலுதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையி நைனா. வேணும்னா அழிச்சிக்கலாம்."

"கடலம்மாவுக்கு நெயில் பாலிஷா," என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரு வழி பிறக்கும் என்று நினைக்கிறேன்.

நாலு நாள் கழித்து அத்தையே வந்தாள். நண்டு வலைக்கு ஐந்நூறு குறைந்துபோனதால் வலைக்கடைக்காரனிடம் பேசி, அடுத்த மாதம் வாங்குவதாகத் தள்ளி வைத்திருந்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அந்த அட்டைக்கு எத்தினி காசு வேணும்?" என்றாள்.

"நாலு. வெட்டு இல்லாம."

"சுண்ணாம்புக்கொளத்துல என் நாத்தனா பொட்டிக்கட வச்சிக்கீறா. அந்த ஊர்ல வெட்ற பழக்கம் கெடையாது. பழைய கல்லாப்பொட்டில அடியில பூரா நாலணா ஒட்டிக்கினு கீதுன்னு எப்பவோ சொன்னா. தேய்க்கவும் மாட்டா. அவளுக்குச் சொந்தப் பாத்திரத்தத் தேய்க்கவே உடம்பு வளையாது."

எனக்கு உடனே கிளம்ப வேண்டும் போல இருந்தது. அத்தை கையைக் காட்டினாள்.

"ஞாயித்துக்கெழம. உங்க நைனா படகுல ஏரி வழியாப் போய்டலாம். ரெண்டு கிலோ நண்டு எடுத்துக்கறேன், அவளுக்குக் காசு குடுத்தா உஷாராய்டுவா. வெல நான் பேசறேன். நீ அந்தக் கண்ணாடியப் பைய விட்டு எடுக்காத. இருவதுன்னு சொல்லாத, முப்பதுன்னு சொல்லாத. வெளையாட்டுக்குக் கேக்கற மாதிரி மூஞ்ச வச்சிக்கோ."

"நல்லதா நட்சத்திரம் போட்டது கெடச்சா?"

"கெடச்சா மெட்ராஸ்காரன்கிட்ட நான் வர்றேன். எம்முன்னாடி தண்ணி நண்டுன்னு சொல்லிப் பாக்கட்டும். அந்த ஐந்நூறு எங்கிருந்தாவது வரணும் இல்ல?"

இன்று வெள்ளி. அட்டையை வெட்டி நாலு வட்டம் வரைந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து நைனா படகை எடுப்பார். அதற்குள் நான் பழக வேண்டியது ஒன்றுதான்: கல்லாப்பெட்டியின் அடியில் கிடப்பதை லென்ஸ் இல்லாமல், வெறும் கண்ணால், மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல் பார்ப்பது. அம்மாவின் சில்லறை டப்பாவைக் கொட்டிக்கொண்டு காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.